மழைக்கு உள்ளே எடுக்க வேண்டாத நாற்காலி

என் தம்பி ஜெய்ராமுக்கு மரத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போன வருஷம் கேட்டிருந்தால் விலையைத்தான் சொல்லியிருப்பான். அப்படிப்பட்டவன், அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெங்களூர் திரும்பிய கையோடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் உளுத்துப்போகாத மரம் எது என்று என்னைப் போட்டுக் குடைய ஆரம்பித்தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தம்பிக்குப் பாசம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன், மடச்சி.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் ஒரு தரைத்தள வீடு. பின்பக்கம் கொஞ்சம் மண், ஒரு பவழமல்லி மரம், அதன் பக்கத்தில் அப்பா சிமெண்டு போட்ட சின்னத் தரை. அப்பா வேலாயுதம் ரயில்வேயில் இருந்தபோது வாங்கியது. வாங்கும்போதே ஜெய்ராம் பேரில் எழுதிவிட்டார். அவன் அப்போது அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான் காலேஜில் இருந்தேன். "பொண்ணு பேர்ல எழுதினா வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரன் வீட்டு மேலயே கண்ணா இருப்பான்" என்றார் அப்பா. மாப்பிள்ளையும் வரவில்லை, வீடும் வரவில்லை. நல்ல முன்யோசனை!

அப்பா போனார். அம்மா ராஜம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அம்மாவும் போன பிறகு எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்விதான். இந்த வீட்டில் என்னை இருக்க விடுவார்களா, மாட்டார்களா? இந்த ஊரில் பிறந்தவள் நான். வேறு எந்த ஊரிலும் எனக்கு ஒரு மளிகைக்கடைக்காரனைக்கூடத் தெரியாது. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் போய் "இருக்க இடம் குடுடா" என்று கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று வளர்க்கப்பட்டவள் நான். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம் அவன் சொன்னான், என்னிடம் இல்லை. நான் அடுக்களையில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவன் பெண்டாட்டி மது, "வீட்டை என்ன பண்றதா ஐடியா?" என்று கேட்டாள். அவன் பட்டென்று வெட்டினான்.

"வருஷம் முடியட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீடுகளில் பெற்றவர்கள் போனால் வருஷத் திவசம் கழியும்வரை தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, புதிதாக ஒன்று உள்ளே வரக் கூடாது, பழையது ஒன்று வெளியே போகக் கூடாது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதெல்லாம் நினைப்பிருக்கிறதே! அம்மா மேல் எவ்வளவு பக்தி இருந்தால் இப்படிச் சொல்வான் என்று நினைத்தேன்.

அதற்கடுத்து வந்ததுதான் நாற்காலிப் பேச்சு.

பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பிரம்பு நாற்காலிகள் இருக்கும். அம்மா சாயங்காலமானால் அதில் ஒன்றில் உட்கார்ந்துவிடுவாள். இந்த ஊரில் சித்திரை வைகாசியில் கால்போய்ஷாகி என்று ஒரு காற்றுமழை வரும். நல்ல வெயிலாக இருக்கும், திடீரென்று வானம் கறுத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடிக்கும். அம்மா உடனே, "அகிலா, மழை!" என்று கத்துவாள். நான் அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி, நாற்காலிகளைத் தூக்கி உள்ளே வைப்பேன். பக்கவாதம் வந்து பாதி வாய் இழுத்துக்கொண்ட பிறகும் அந்த "மழை" மட்டும் தெளிவாக வரும். நான் அம்மாவைத் தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டுக் குழறுவாள். "மொதல்ல நாற்காலிய எடுடி. நான் நனைஞ்சா காஞ்சிருவேன், அது காயாது." இந்தக் கூத்துக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் நனைந்து, சிரித்து, அப்புறம் அவளுக்குச் சளி பிடித்து நான் ராத்திரியெல்லாம் திட்டிக்கொண்டே தைலம் தேய்ப்பேன்.

எவ்வளவு ஓடித் தூக்கினாலும் பிரம்பு எத்தனை நாளைக்கு? அம்மா போன பிறகு வந்த மழைக்காலத்தில் இரண்டும் உளுத்துவிட்டன. காலடியில் மாவு மாவாகக் கொட்டியது. பழையது வெளியே போகக் கூடாது என்பதால் அதையும் நான் ஓரமாகச் சாத்தி வைத்திருந்தேன்.

"அம்மா உட்கார்ந்த எடத்துல நல்லதா நாற்காலி போடணும்க்கா" என்றான் ஜெய்ராம். "வெளியிலயே கெடக்கணும். யாரும் மழைக்கு ஓடி ஓடித் தூக்கக் கூடாது. வருஷத் திவசம் முடிஞ்ச மறுநாள் எறக்கிடணும். அதுக்குள்ள மரத்த முடிவு பண்ணு."

நான் போனை வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷம் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனது இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்காகத்தான் கேட்கிறான், நான் உட்காரத்தான் போடுகிறான், அப்படியென்றால் நான் இருக்கப்போகிறேன். ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நான் கட்டின கோட்டையைப் பாருங்கள்!

அப்புறம் என்ன, வேலைதான். ஆபீஸில் பாலிசி பார்த்த கண்ணோடு மரம் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் அவன் மூங்கில் என்றான். எங்கேயோ படம் பார்த்திருக்கிறான். நான் காளிகாட் பக்கம் கால்வாய் ஓரத்து மூங்கில் கடைகளை ஏறி இறங்கினேன். பூஜை பந்தலுக்கு மூங்கில் கொடுக்கிறவர்கள் அவர்கள். பனிக்காலத்தில் வெட்டி, குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுக் காயவைத்த மூங்கிலென்றால் பூச்சி சீக்கிரம் விழாது, மழைக்காலத்தில் வெட்டியதென்றால் ஒரே வருஷத்தில் பிரம்பு கதிதான் என்றார்கள். அப்படி ஊறப்போட்டதும்கூட ஈரத்தரையில் நின்றால் அடி இற்றுப்போகும், வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்க வேண்டும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஜெய்ராமே, "வேணாம்க்கா. அம்மாவ மூங்கில்லதான் தூக்கிட்டுப் போனோம். வருஷத்துக்குள்ள அந்தப் பேச்சே வேணாம்" என்றான். எனக்கு மறுபடியும் மனசு உருகிவிட்டது. அவன் என்னவோ வார்னிஷ் என்ற சொல்லுக்குத்தான் பின்வாங்கியிருக்கிறான், இப்போது தெரிகிறது.

அடுத்து சால் மரம். அப்பா காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போட்டது அதுதான், இடி விழுந்தாலும் அசையாது. ஆனால் நாற்காலிக்கு அறுத்தால் வெயிலில் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். மாமரம் மலிவு, இரண்டு மழை தாங்காது. காளிகாட்டில் நிமாய் என்று ஒரு தச்சன், எப்போதும் வாயில் வெற்றிலையும் காதில் போனுமாக இருப்பான். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பெட்டி உடைத்த பலகை இருக்கிறது, பாலிஷ் போட்டால் அசல் தேக்கு மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியாது என்று என்னிடமே ஆசை காட்டினான். "எனக்குத் தெரியுமே, அது போதாதா?" என்று வங்காளியில் ஒரு வாங்கு வாங்கினேன். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசினான்.

கடைசியில் அவனே ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனான். வடக்குக் கல்கத்தாவில் பழைய பெரிய வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டுகிறார்கள் இல்லையா, அந்த வீட்டு உத்தரங்களை வாங்கி அடுக்கியிருக்கும் கிடங்கு. பர்மா தேக்கு. வெளியே கறுத்து, ஆணி ஓட்டையும் சுண்ணாம்புமாகக் கிடந்தது. நிமாய் ஓரத்தை ஒரு இழுப்பு இழைத்துக் காட்டினான். உள்ளே தேன் நிறம், எண்ணெய் வாசனை. ஓரத்து வெள்ளைப் பாகம் துளிக்கூட இல்லை, முழுக்க வைரம் பாய்ந்தது.

"யாரோட வீடு இது?" என்று கேட்டேன்.

"யாரோ. ஒரு கிழவி மட்டும் போக மாட்டேன்னு இருந்தாளாம் தீதி. அப்புறம் போயிட்டா" என்றான் கிடங்குக்காரன், அக்காவுக்குப் பதில் தீதி போட்டு. மரத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது என் காதில் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜெய்ராமுக்கு எல்லாம் விளக்கினேன். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டால் தண்ணீர் நிற்காது. இரும்பு ஆணி கூடாது, தேக்கைக் கறுக்க வைத்துவிடும், எவர்சில்வர் திருகுதான் போட வேண்டும். இருப்பது ஈரமண் இல்லை, சிமெண்டுத் தரை, அதனால் கால் இற்றுப்போகாது.

"பாலிஷ், பெயிண்டு?"

"ஒண்ணும் வேணாம். எண்ணெய் தேய்ச்சா நிறம் நிக்கும். தேய்க்கலேன்னா கொஞ்ச நாள்ல சாம்பல் நிறமாயிரும். ஆனா வலு போகாது."

"அப்ப சாம்பலாவே இருக்கட்டும்."

"ஏன்டா? அந்த நிறத்தப் பார்த்தா நீ விட மாட்ட. வருஷத்துக்கு ஒரு நாள், நான் ஒரு துணில தொட்டுத் தேய்ச்சிட்டுப் போறேன். எனக்கென்ன வேற வேலை?"

"வேணாம்க்கா."

"நான்தான் இருக்கேனேடா!"

போனில் அவன் படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். கண் இமைத்தது, உறையவில்லை.

"நீ எதுக்குக்கா கஷ்டப்படணும்... யாரும் கை வைக்காம எத்தன வருஷம் தாங்கும், அத மட்டும் கேட்டுச் சொல்லு" என்றான். உடனே நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அன்று எனக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று புரியாமல் இல்லை, புரிந்ததைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அம்மா வருஷத்துக்குள் தப்பாக எதையும் நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. நிமாயிடம் இரண்டு நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

திவசம் ஒழுங்காக நடந்தது. ஜெய்ராம் பிண்டம் வைக்கும்போது அழுதான். பொய் அழுகை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வந்த நாலு பேர் சாப்பிட்டுப் போனார்கள். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும், ஒரு வருஷமா ஒரு நியமம் தப்பல" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் நிமாய் மூன்றுசக்கர வண்டியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு இல்லை, நாலு. கூடவே ஒரு மேஜை.

"தாதா போன் பண்ணிக் கூட்டிச் சொன்னார்" என்றான். தாதா என்றால் அண்ணன், ஜெய்ராமைத்தான் சொல்கிறான்.

சரி, நாலு பேர் வந்தால் உட்கார ஆகுமே என்று நினைப்பதற்குள், அவன் துளை போடும் மெஷினை எடுத்துத் தரையில் ஓட்டை போட ஆரம்பித்தான். ஒவ்வொரு காலுக்கும் ஒரு எவர்சில்வர் பட்டை, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு போல்ட்.

"டேய், டேய், என்ன பண்ற? நாற்காலியத் தரையோட வச்சு அடிக்கிற?"

"திருடிக்கிட்டுப் போயிருவாங்கன்னு தாதாதான் சொன்னார் தீதி."

உள்ளே போய் ஜெய்ராமைக் கேட்டேன். "வீட்ல ஆள் இருக்கும்போது பின்பக்கம் எவன்டா வந்து திருடுவான்?"

"இருக்கட்டும்க்கா, ஒரு சேஃப்டி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தேன். நாற்காலிகள் அழகாகத்தான் இருந்தன, அதில் குறை சொல்ல முடியாது. பவழமல்லி நிழலில் தேன் நிறத்தில் பளபளவென்று நின்றன. அம்மாவின் இடத்தில் போட்டிருந்ததில் போய் உட்கார்ந்தேன். முதுகுக்குச் சரியாக இருந்தது. கண்ணை மூடிக் கொஞ்சம் சாய்ந்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? ஃபோட்டோல நீங்க வர்றீங்க."

மது போனைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து மதில் பக்கம் தள்ளி நின்றேன். அவள் நாற்காலிகளை எடுத்தாள், மேஜையை எடுத்தாள், மரத்தை எடுத்தாள். அப்புறம் சுவரில் சாத்தியிருந்த அம்மாவின் பழைய பிரம்பு நாற்காலிகளைக் காட்டி, "இதையும் எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

"எதுக்கும்மா இத்தன ஃபோட்டோ?"

"ஜெய் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெய்ராம் வந்தான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியைக் கைகாட்டினான். நான் உட்காரவில்லை.

"அக்கா, வருஷம் முடிஞ்சிருச்சு. அதுக்குள்ள பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"வீட்ட ஹோம்ஸ்டே மாதிரி விடலாம்னு இருக்கோம். லேக் பக்கத்துல, நல்ல டிமாண்டு. எல்லாம் ஆன்லைன்லயே, சாவிகூட நம்பர் பூட்டு. வாரத்துக்கு ஒரு தடவ க்ளீன் பண்ண ஆள் வரும். அதான் எதுவும் மெயின்டனன்ஸ் இல்லாததா..."

"நான்?"

"சென்னைல நல்ல ஹோம் ஒண்ணு பார்த்திருக்கேன்க்கா. எல்லாம் நம்ம ஆளுங்க. நீ சமைக்க வேணாம், துவைக்க வேணாம். உனக்கு ஒரு கவலையும் கெடயாது. நீ எதுக்குக்கா இங்க தனியா கஷ்டப்படணும்?"

அதே சொல். போனில் எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்றபோது சொன்ன அதே சொல்.

இவன் ஒரு வருஷம் துரும்பை அசைக்காமல் வைத்திருந்தானே, அது அம்மாவுக்காக இல்லை. நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறான். யாருமே இல்லாத வீட்டுக்கு மரம் தேடித்தான் இந்த முட்டாள் காளிகாட்டுக்கும் வடக்குக் கல்கத்தாவுக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் இல்லாமலே இருக்கக்கூடிய நாற்காலியை நானே தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இழைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"சென்னைல எனக்கு யாரடா தெரியும்?" என்றேன். "என் தமிழக் கேட்டு ஆட்டோக்காரன் சிரிப்பான்."

"பழகிரும்க்கா."

அவன் சொல்லி முடிக்கவில்லை, வடமேற்கில் வானம் கறுத்தது. பவழமல்லி இலைகள் வெளுப்புப் பக்கத்தைக் காட்டிப் புரண்டன. தெருப் புழுதி மதிலைத் தாண்டி வந்து முகத்தில் அறைந்தது. முதல் சொட்டு சிமெண்டில் விழுந்ததும் ஜெய்ராம் எழுந்து உள்ளே ஓடினான்.

நானும் ஓடினேன், நாற்காலியைப் பார்த்து. இத்தனை வருஷத்துப் பழக்கம், யோசிக்கவே இல்லை. குனிந்து கைப்பிடி இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது. அசையவில்லை. அடுத்ததைப் பிடித்து இழுத்தேன். அதுவும் அசையவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

"அக்கா, விடு! விட்டுட்டு உள்ள வா!" என்று வாசற்படியிலிருந்து கத்தினான் ஜெய்ராம். "அதுக்கு ஒண்ணும் ஆகாது, அதத் தூக்கவே வேணாம்!"

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் பின்னால் மது நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் நிஜமாகவே பதைப்பு இருந்தது, நான் நனைகிறேனே என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவின் இடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் பலகை இடுக்கில் ஒழுகிப் போயிற்று, நான் நிமாயிடம் சொன்ன அளவுக்குச் சரியாக.

"அக்கா! கேக்குதா இல்லியா? எழுந்து வா!"

"எங்கடா வர?" என்றேன். "மழைக்கு நாற்காலி தூக்கத்தானே இந்த வீட்டுல நான் இருந்தேன். இப்ப தூக்க வேண்டாத நாற்காலி போட்டுட்ட. சரி. நான் இதுல உட்கார்ந்துட்டேன். தூக்கணும்னா நீ வந்து தூக்கு."

"என்னக்கா இது, சின்னப் பிள்ள மாதிரி..."

"வாடா. வந்து தூக்கிக் காட்டு. போல்ட்டக் கழட்ட ஆள் கூட்டிட்டு வர்றதுன்னாலும் கூட்டிட்டு வா. நிமாய் நம்பர் உன்கிட்டதான் இருக்கே."

அவன் ஒரு காலைப் படியிலிருந்து இறக்கினான். நனைந்ததும் மேலே எடுத்துக்கொண்டான். மது உள்ளே போய் ஒரு குடையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை விரித்து, நின்ற இடத்திலிருந்தே என் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.